மெய்ப்பையிலிருந்து கோட்டு வரை: தைத்த உடையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை’ என்றொரு சொல் வருகிறது. மெய்யை இட்டு வைக்கும் பை என்பது அதன் நேர்பொருள். உரைகாரர் அதற்குச் சட்டை என்று பொருள் கொள்வர். பாசறையில் அரசனின் இருப்பிடத்தைக் காத்து நிற்கும் யவனர் அதனை அணிந்திருக்கின்றனர். அதே பாட்டில், நாவால் பேசாமல் உடம்பசைவால் கருத்துணர்த்தும் மிலேச்சரும் சட்டையிட்டவர்களாக அரசனுக்கு அருகில் நிற்கின்றனர். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக்கு வந்தால் ‘கஞ்சுக முதல்வர்’ என்போரைக் காண்கிறோம். கஞ்சுகம் என்பதும் சட்டையே. நூற்றுவர் கன்னர் அனுப்பிய வரிசைகளோடு சேரன் செங்குட்டுவனிடம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

இம்மூன்று இடங்களிலும் சட்டை அணிந்தவர் வெளிப்புலத்திலிருந்து வந்தவர். மூவரும் ஏவல் செய்வோர். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் ‘மெய்ப்பை’ என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். சட்டையைப் போய்ப் பை என்பதா என்பது அவர்களுடைய வியப்பு. சட்டை அணியாத ஒருவரின் கண்ணுக்குச் சட்டை அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று நான் விடை சொல்வதுண்டு.

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. திருமண வரவேற்பில் மணமகன் கோட்டு அணிந்து நிற்கிறான். வழக்கறிஞர் கறுப்புக் கோட்டு இல்லாமல் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஏவல் செய்வோரின் உடையாக இருந்த ஒன்று மதிப்புக்குரியோரின் உடையாக மாறியது எப்படி? தமிழரின் ஆடை வரலாற்றை எழுதியவர்கள் நெசவையும் சாயத்தையும் கடல் வாணிகத்தையும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஊசியையும் கத்தரிக்கோலையும் பற்றி அந்த அளவுக்குப் பேசியதில்லை. தைத்த உடையின் வரலாறு, அதை அணிய யாருக்கு உரிமை இருந்தது என்பதன் வரலாறும் ஆகும். இக்கட்டுரை அந்தக் கோணத்தில் சில செய்திகளைத் தொகுத்துப் பார்க்கிறது.

துன்னம் என்னும் வறுமை

பழந்தமிழர் தையல் அறியாதவர் அல்லர். தைத்தலுக்குத் ‘துன்னம்’ என்றொரு நல்ல சொல் இருந்தது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர்களை அடுக்கும் இளங்கோவடிகள், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். எனவே தையல் ஒரு தனித்தொழிலாகவே இருந்திருக்கிறது.

ஆனால் சங்கப் பாடல்களில் துன்னம் எங்கே வருகிறது என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வரும் பொருநன், ஈரும் பேனும் குடியிருக்கும், வியர்வையில் நனைந்த, வேறு வேறு நூல் நுழைந்து தைக்கப்பட்ட கந்தலை உடுத்தியிருக்கிறான். புறநானூற்றின் 136ஆம் பாடலில் துறையூர் ஓடைகிழார் காட்டும் இரவலனின் உடையும் பல தையல்களால் ஆனது. அந்தத் தையல்களின் இடுக்குகளில்தான் பேன் கூட்டம் தங்குகிறது. துன்னம் என்றால் ஒட்டுத்தையல். கிழிந்ததைத் தைத்து உடுப்பவன் வறியவன்.

கரிகாலன் என்ன செய்கிறான்? அந்தக் கந்தலை நீக்கி, பாம்பின் உரி போன்ற மெல்லிய துணியைத் தருகிறான். அந்தத் துணியில் தையல் இல்லை. தறியிலிருந்து அறுத்து எடுத்த முழுத் துணி அது; அதனால்தான் அதற்கு ‘அறுவை’ என்று பெயர். மதுரையில் அறுவை வாணிகம் செய்த இளவேட்டனார் என்ற புலவர் சங்கத் தொகைகளில் இடம்பெற்றிருக்கிறார். அறுவை, துணி, துண்டு ஆகிய சொற்கள் எல்லாமே அறுத்தல், துணித்தல், துண்டாக்கல் என்ற வினைகளிலிருந்து வந்தவை. தமிழர் துணியைத் தறியிலிருந்து வெட்டினார்கள், உடம்புக்கேற்ப வெட்டவில்லை. ஒரே துணி தந்தைக்கும் மகனுக்கும் பொருந்தும். உடுத்தும் முறையில்தான் வேறுபாடு. வெப்பமும் வியர்வையும் மிகுந்த நாட்டில் அது அறிவார்ந்த ஏற்பாடும்கூட.

ஆகவே பழைய மதிப்பீட்டில் தையலற்ற முழுமை செல்வத்தின் அடையாளம். தையல் இல்லாமையின் அடையாளம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னர் வந்த மாற்றத்தின் ஆழம் விளங்கும்.

குல்லாயும் பொத்தானும்

மாற்றம் அரண்மனையிலிருந்து தொடங்கியது. விசயநகர அரசவையில் ஆடவர் நீண்ட அங்கியும் கூம்பிய உயர்ந்த தொப்பியும் அணிந்தனர். பாரசீக, அரபு உலகத்தோடு கொண்ட உறவால் வந்த உடை அது. திருமலையில் நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலையில் அந்தத் தொப்பியை இன்றும் காணலாம். லேபாட்சி ஓவியங்களில் அங்கியும் தொப்பியுமாக அவையினர் வரிசையாக நிற்கின்றனர். ‘குல்லாய்’ என்று நாம் வழங்கும் சொல் அந்தத் தொப்பியின் பாரசீகப் பெயரிலிருந்து வந்தது. இறைவன் முன் தைக்காத துணி, அரசன் முன் தைத்த அங்கி என்று இரண்டு ஒழுங்குகள் ஒருங்கே நிலவத் தொடங்கின. கருவறையில் அருச்சகர் இன்றும் தைத்த உடை அணிவதில்லை என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் இறங்கினர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் தையற்காரருக்குப் பயன்பட்ட இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, பொத்தான். மற்றொன்று, மேஸ்திரி. தொழில் தேர்ந்த தலைவரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே மேஸ்திரி ஆயிற்று. 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கணக்கெடுப்பு, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் தையல் தொழில் செய்த பாணர்களைக் குறிப்பிட்டு, அவர்களுக்கு மேஸ்திரி என்ற பெயரும் உண்டு என்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இவர்களைச் சங்கப் பாணரின் வழியினர் என்று கூறிவிட முடியாது. ஆயினும், ஒட்டுத்தையல் கந்தலோடு வள்ளல்களின் வாயிலில் நின்ற பாணனின் பெயர், ஊராருக்கெல்லாம் உடை தைத்துத் தருவோரின் பெயராக நிற்பதைக் காணும்போது இலக்கிய மாணவர் ஒருவர் சற்றே நின்றுதான் போவார்.

தைத்த உடை அதிகாரத்தின் கருவியாகும்போது என்ன நிகழும் என்பதை வேலூர் காட்டியது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களின் தோற்றத்தை மாற்றும் ஆணைகளைப் பிறப்பித்தார். நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகை வெள்ளையரின் தொப்பி போல இருந்தது. அதை மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. திப்புவின் மக்கள் அக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். எனினும் தீ மூட்டியது ஒரு தலையணி. ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். என் உடம்பின் மேல் எது இருக்க வேண்டும் என்று பிறர் கட்டளையிடுவதை மனிதர் எளிதில் பொறுப்பதில்லை. இந்த உண்மை பின்னர் வேறொரு வடிவில் தமிழ்நாட்டில் திரும்பி வந்தது.

இயந்திரமும் பாதிக் கோட்டும்

தையலை அரண்மனையிலிருந்தும் படைமுகாமிலிருந்தும் தெருவுக்குக் கொண்டுவந்தது தையல் இயந்திரம். ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கர் இயந்திரம் இந்தியாவின் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. தவணை முறையில் விற்கப்பட்டதால் ஒரு தனி மனிதர் அதை வாங்கித் திண்ணையில் போட்டுத் தொழில் நடத்த முடிந்தது. மின்சாரம் தேவையில்லை, கால் மிதித்தால் போதும். பின்னர் 1930களின் நடுவில் கல்கத்தாவிலிருந்து உஷா இயந்திரம் வந்தது.

இயந்திர நாகரிகத்தைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகள்கூட இதற்கு விலக்கு அளித்தார். 1924இல் ஜி. இராமச்சந்திரன் அவரிடம் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கரின் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் காட்டினார். தம் மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்பது காந்தி சொன்ன காரணம். சிங்கரின் உண்மையான வாழ்க்கை அத்தனை மென்மையானதன்று. பணமே அவருடைய குறிக்கோளாக இருந்தது. ஆனால் காந்தியின் பார்வையில் அந்த இயந்திரம் மனிதனை விழுங்காமல் மனிதனுக்கு உழைத்தது. கேள்வி கேட்ட இராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

இக்காலத்துத் தமிழ் ஆடவரின் நிழற்படங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். இடுப்புக்கு மேலே மூடிய கழுத்துக் கோட்டு, கீழே பஞ்சகச்சம், தலையில் தலைப்பாகை. வழக்கறிஞர், ஆசிரியர், குமாஸ்தா எல்லாரும் இப்படித்தான் நிற்கின்றனர். மேற்பாதி அலுவலகத்துக்கு, கீழ்ப்பாதி வீட்டுக்கு. தையற்காரரின் கை பட்டது மேற்பாதி. தறிகாரரின் கை பட்டது கீழ்ப்பாதி. சங்க காலத்தில் பகைப்புலமாக இருந்த இரண்டு ஆடை நெறிகள் ஒரே உடம்பில் சமாதானம் செய்துகொண்டன.

அந்த உடம்புகளுள் மிகப் புகழ்பெற்றது பாரதியுடையது. அவருடைய கறுப்புக் கோட்டையும் தலைப்பாகையையும் அறியாத தமிழர் இலர். பாரதி 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மறைந்தார். பதினொரு நாள் கழித்து மதுரையில் வேறொரு மனிதர் தம் சட்டையைக் கழற்றினார்.

1921, 1930, 1931

காந்தியின் உடை வரலாறு இலண்டன் தையற்கடையில் தொடங்குகிறது. 1888இல் சட்டம் படிக்கச் சென்ற இளைஞர், பம்பாயில் தைத்த உடைகள் அங்கே எடுபடா என்று எண்ணிப் புதிய உடைகள் வாங்கினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி. பாண்டு தெருவில் பத்துப் பவுன் கொடுத்துத் தைத்த மாலை உடை. அதையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே கணக்கெழுதி வைத்திருக்கிறார். ஆக, நல்ல கோட்டு எப்படித் தோளில் அமரும் என்பதை அறிந்தவர் அவர்.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தபோது இடுப்பில் முழந்துண்டு மட்டுமே இருந்தது. கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்று ஏழைகள் சொன்ன சொல் அவரை உறுத்தியது. நாட்டின் கோடிக்கணக்கான ஏழைகளின் உடை இதுவே என்று அவர் முடிவு செய்தார். அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலாக மக்கள் முன் தோன்றிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர் வந்தது. தையலற்ற துணிக்குக் கரிகாலன் காலத்தில் இருந்த மதிப்பு, வேறொரு பொருளில் மீண்டது.

இதற்கு அடுத்துள்ளதுதான் நம் பாடநூல்கள் அதிகம் பேசாத செய்தி. 1930 டிசம்பரில், மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் அணியக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பட்டியல் இப்படி நீள்கிறது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன.

‘கோட்டு, சட்டை, பனியன்’ என்ற அந்த மூன்று சொற்களை நான் பலமுறை படித்ததுண்டு. யாரும் அணியாத ஒன்றை எவரும் தடை செய்வதில்லை. அந்தச் சிற்றூர்களில் சில இளைஞர்களாவது சட்டை தைத்துப் போடத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கு அந்தத் தடையே சான்று. எங்கோ ஒரு திண்ணையில் ஒரு தையற்காரர் அவர்களுக்காக இயந்திரத்தை மிதித்திருக்கிறார். ஆலைத்துணியும் தையல் இயந்திரமும் சேர்ந்து சட்டையை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. விலை விலக்கிய தடையைச் சாதி மீண்டும் வைத்தது.

இப்போது மதுரையையும் இராமநாதபுரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில், அண்டை மாவட்டங்களில், இரண்டு திறந்த மார்புகள். ஒருவர் தாமே கழற்றினார், அது துறவு. மற்றவர் அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டார், அது இழிவு. காண்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே தோற்றம். துறப்பதற்கு முதலில் உரிமை வேண்டும். பாண்டு தெருக் கோட்டை அணிந்து பார்த்தவருக்கே அதைக் கழற்றும் பெருமை வாய்க்கும். காந்தியின் செயலைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவருடைய பரிவு உண்மையானது. ஆனால் அந்தப் பரிவு எந்த மக்களை நோக்கியதோ, அவர்களுள் ஒரு பகுதியினர் அதே வேளையில் சட்டைக்காக அடிபட்டுக்கொண்டிருந்தனர்.

1931இன் பிற்பகுதியில் இலண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு கூடியது. முழந்துண்டோடு காந்தி ஒரு புறம். நேர்த்தியாகத் தைத்த கோட்டோடு அம்பேத்கர் மறுபுறம். தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரோடு சென்றிருந்தார். அம்பேத்கரின் கோட்டை மேனாட்டு மோகம் என்று எண்ணுவோர் அவருடைய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். சதாராவில் அவர்கள் வீட்டுத் துணிகளை வெளுக்க வண்ணார் முன்வரவில்லை. முடி திருத்த ஆள் வரவில்லை. கூலி கொடுக்கப் பணம் இருந்தது. 1901இல் தந்தையைக் காணப் புறப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிய ஆங்கிலச் சட்டைகளும் சரிகைத் தொப்பிகளும் எடுக்கப்பட்டன. அந்த உடையைக் கண்ட நிலைய அதிகாரி அவர்களைப் பிராமணக் குழந்தைகள் என்றே நினைத்துக் கனிவாகப் பேசினார். மகார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு சட்டை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை ஒன்பது வயதிலேயே அறிந்தவர் அவர். வாழ்நாளெல்லாம் அவர் கோட்டை விடாமல் அணிந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். ஊர்ச் சிற்பி கோட்டின் மடிப்பையும் பொத்தானையும் பையில் செருகிய பேனாவையும் விடாமல் செதுக்கியிருப்பார். இராமநாதபுரத்தின் அந்த மூன்றாவது தடைக்குச் சிமெண்டில் எழுதிய மறுமொழி அது. அவற்றுள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன என்பதையும் காணாமல் இருக்க முடியாது.

அளவெடுப்பு என்னும் அறம்

இவ்வளவு பெரிய வரலாற்றில் தையற்கடைக்கு என்ன இடம்? என் எண்ணத்தில், நடு இடம்.

நம் ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டியோ கடைத்தெருவின் மாடிப்படிக்குக் கீழோ இருக்கும் கடையைத்தான் சொல்கிறேன். முன்னால் வெட்டுமேசை, அதன் பின்னே கழுத்தில் அளவு நாடாவோடு கட்டிங் மாஸ்டர், உள்ளே இரண்டு மூன்று இயந்திரங்கள், மூலையில் தரையில் அமர்ந்து காஜா எடுக்கும் பையன், கரியிட்ட இஸ்திரிப்பெட்டி. மாஸ்டர் அளவெடுக்கும்போது எண்களை உரக்கச் சொல்வார்; உதவியாளர் நோட்டில் எழுதுவார். உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை, கழுத்து. பக்கத்தில் துணியின் ஒரு சிறு துண்டைக் குத்தி வைப்பார். வளரும் பிள்ளை என்று தாய் சொன்னால், பின்னர் பிரித்து விடுவதற்காக உள்ளே அரை அங்குலம் துணி விட்டுத் தைப்பார்.

கோட்டு என்றால் வேலை வேறு. வெளியே தெரிவது ஒரு துணிதான். அதன் உள்ளே மார்புக்கு நேராகக் குதிரைமயிர் கலந்த கான்வாஸ் இருக்கும். அதைத் துணியோடு பிணைக்க நூற்றுக்கணக்கான சிறு கைத்தையல்கள் வேண்டும். அந்தத் தையல்கள்தான் மார்பு மடிப்புக்கு வளைவைத் தருகின்றன. தோளில் பஞ்சு, உள்ளே லைனிங். முதலில் எல்லாவற்றையும் வெள்ளை நூலால் ஓட்டி, ஆளை வரவழைத்து, அணிவித்துப் பார்ப்பார்கள். யாருக்கும் இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தாழ்ந்த தோளுக்கு ஒரு மடிப்புப் பஞ்சு கூடுதலாக வைப்பார். கூனல் முதுகுக்குப் பின்புறம் சற்று நீளம் விடுவார். அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். பழைய துன்னம் கிழிசலைக் காட்டிக்கொடுத்தது. கோட்டின் உள்தையல் உடம்பின் குறையை மறைத்துத் தருகிறது. ஒரே ஊசி, எதிரெதிரான இரண்டு செயல்கள்.

ஐரோப்பியத் தையற்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை அளவு நாடாவைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நீண்ட காகித அல்லது தோல் பட்டை வைத்து, அதில் தோளுக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு என்று அடையாளம் இட்டனர். அந்தப் பட்டை ஒரு மனிதருக்கே உரியது. அங்குல நாடா வந்தபோது எல்லா உடம்புகளும் ஒரே எண் வரிசைக்குள் வந்தன. இதை இயந்திரத்தனம் என்று வருந்துவோர் உண்டு. ஆனால் சாதி வரிசையில் அடுக்கப்பட்ட ஊரில், எல்லார் மார்பையும் அங்குலத்தால் மட்டுமே அளந்த ஒரு கருவி எளியதன்று. முப்பத்தாறு அங்குலம் என்பது யாருக்கும் முப்பத்தாறு அங்குலமே.

மேலும், அளவெடுக்கத் தொட வேண்டும். கழுத்தைச் சுற்றி விரல் நுழைத்துப் பார்க்க வேண்டும். அக்குளுக்குள் நாடாவை விட வேண்டும். அளவுச் சட்டை கொண்டுவந்தால் தொடாமலும் தைக்கலாம்தான். ஆனால் கோட்டைத் தொடாமல் தைக்க முடியாது. தீண்டாமை என்பதைத் தன் அடிப்படை விதியாகக் கொண்ட சமூகத்தில், தொடுதலைத் தன் அடிப்படை விதியாகக் கொண்ட தொழில் இது. எல்லாத் தையற்கடைகளும் சமத்துவப் பள்ளிகளாக இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்காரரும் அந்த ஊரின் மனிதர்தான். ஆனால் தொழிலின் இயல்பு சமத்துவத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. முதல் சம்பளத்தில் சட்டை தைக்க வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு, தம் உடம்பை ஒருவர் கவனமாக நோக்கி, அதற்கேற்பத் துணியை வெட்டிய முதல் இடம் அதுவாகவே இருந்திருக்கும்.

தமிழில் ‘சட்டை செய்தல்’ என்றால் பொருட்படுத்துதல். இச்சொல்லுக்கும் உடுத்தும் சட்டைக்கும் வேர் ஒன்றா என்பதை மொழியியலார் ஆராயட்டும். வழக்கில் இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன. சட்டை அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டோர் யாரென்று கேட்டால், ஊர் சட்டை செய்யாத மக்கள்தாம்.

இன்று ஆயத்த ஆடை எல்லாரையும் சட்டைக்கு உரியவராக்கியிருக்கிறது. விலை குறைவு, உடனே கிடைக்கும், கடையில் உங்கள் ஊர், தெரு, பெயர் எதையும் கேட்பதில்லை. திருப்பூரில் தைத்த பனியன் உலகெங்கும் செல்கிறது. 1930இல் தடை செய்யப்பட்ட மூன்றில் ஒன்று அது என்பதை எண்ணிப் பார்க்க மனம் நிறைகிறது. அந்த வகையில் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தையற்கடையை மட்டும் எண்ணிப் பழம்பெருமை பேசுவது, அங்கே நுழையவே தயங்கியவர்களை மறப்பதாகும்.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. ஆயத்த ஆடையில் உடம்புதான் அளவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் குறை நம் உடம்பில் இருப்பதாகத் தோன்றுகிறது. தையற்கடையில் குறை எப்போதும் துணியில்தான் இருந்தது, அதைத் திருத்தலாம். நம் ஊர் மாஸ்டர்கள் பலர் இப்போது ஆயத்தச் சட்டையின் கையைக் குறைத்தும் கால்சட்டையின் நீளத்தை மடித்தும் ஆல்ட்டர் வேலையில் காலம் தள்ளுகிறார்கள். திருமணக் காலத்தில் மட்டும் ஒரு கோட்டு வேலை வரும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தையற்கடைகளில் அளவு நோட்டுகள் இன்னும் கிடக்கலாம். ஆண்டு, பெயர், ஆறு எண்கள், ஒரு துண்டுத் துணி. கல்வெட்டுகளையும் ஓலைச்சுவடிகளையும் தேடித் தொகுத்த நாம் இவற்றை ஆவணம் என்று எண்ணியதில்லை. ஓர் ஊரில் யார் எந்த ஆண்டு முதன்முதலாகச் சட்டைக்கு அளவு கொடுத்தார் என்பது எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அந்த நோட்டுகளில் இருக்கக்கூடும். பழைய தாளோடு எடைக்குப் போவதற்கு முன் யாரேனும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.